ஆயாவுக்கு நான் படிச்ச சப்டைட்டில்: கொரியா சீரியலும் ஜப்பான் சீரியலும்

ஒரு விஷயத்தை முதல்லயே ஒத்துக்கறேன். மெக்கானிக்கல் நாலாவது வருஷம், ஹாஸ்டல்ல எங்க ரூம்ல ஆறு பேர். அதுல கொரியன் சீரியல் பார்க்கறவன் நான் ஒருத்தன் மட்டும்தான்னு ரெண்டு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கிட்டு, போர்வைக்குள்ள, ஏதோ என்பிடெல் லெக்சர் கேட்கற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் பார்ப்பேன். அப்புறம் ஒரு நாள் பக்கத்துப் படுக்கைக்காரன் விசும்பற சத்தம் கேட்டுது. எட்டிப் பார்த்தா அவனும் அதே சீரியல், என்னைவிட ரெண்டு எபிசோட் முன்னாடி.

இந்தக் கட்டுரை அந்த மாதிரி பார்க்கறவங்களுக்கும், "எல்லாம் ஒரே மாதிரி மூஞ்சிதானே"ன்னு சொல்லி நம்மைக் கடுப்பேத்தறவங்களுக்கும். ஒரே மாதிரி இல்ல. கொரியத் தொடரும் ஜப்பான் தொடரும் எவ்வளவு தூரம் வேற வேறன்னு எனக்கே போன செமஸ்டர் லீவுல திருநாவலூர்ல ஆயா வீட்டுல உட்கார்ந்துதான் சரியாப் புரிஞ்சுது. (கீழே கதை முடிவெல்லாம் சொல்லியிருக்கேன். இன்னும் பார்க்காதவங்க கோவிச்சுக்காதீங்க.)

ஆயான்னா அப்பாவோட அம்மா. நான் அஞ்சாவது முடிக்கற வரைக்கும் அவங்ககிட்டதான் வளர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் சென்னையில வேலை. நான் வேன்ல உளுந்தூர்பேட்டைக்கு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலுக்குப் போய்ட்டு வருவேன். 2013 கடைசியில புதுயுகம்னு ஒரு சேனல் வந்துது, ஞாபகம் இருக்கா? கொரியன் தொடர்களைத் தமிழ்ல டப் பண்ணிப் போட்டாங்க. நம்ம செட்டுல பாதிப் பேருக்குக் கொரியா அறிமுகம் ஆனது அங்கதான், நெட்ஃபிளிக்ஸ்ல இல்ல. நானும் ஆயாவும் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' பார்த்தது அப்படித்தான். அந்தச் சுருட்டை முடிப் பணக்காரப் பையன் திரையில வந்தாலே ஆயா "வந்துட்டான் பாரு பரட்டைத் தலையன்"னு சந்தோஷமாத் திட்டுவாங்க.

இப்ப ஆயாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சு, அது வரைக்கும் டிவி மங்கலாத்தான் தெரியும். அதனால லீவுல ஒரு வேலை எடுத்துக்கிட்டேன். லேப்டாப்பை ஸ்டூல் மேல வச்சு, நான் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் பார்த்துப் பார்த்து அப்படியே தமிழ்ல சொல்லணும், ஆயா கேட்பாங்க. முதல்ல அவங்க கேட்டது பழைய பரட்டைத் தலையனைத்தான். அதை முடிச்சதும் நான் ஒரு குறும்பு பண்ணேன். அதே கதையோட ஜப்பான் வடிவத்தைப் போட்டேன்.

ஆமாம், அந்தக் கதை கொரியாவோடது இல்ல. கமியோ யோகோங்கறவங்க 1992ல இருந்து வரைஞ்ச 'ஹனா யோரி டாங்கோ' ஜப்பான் மாங்காதான் மூலம். 2001ல தைவான்காரங்க 'மீட்டியர் கார்டன்'னு எடுத்தாங்க. 2005ல ஜப்பான் டிபிஎஸ் சேனல் 9 எபிசோட், 2007ல இன்னொரு 11 எபிசோட், 2008ல ஒரு படம். 2009ல கொரியாவுல கேபிஎஸ் 25 எபிசோட். நாம தமிழ்ல பார்த்தது இந்தக் கடைசி ஆளோடது.

பேர்லயே வித்தியாசம் ஆரம்பிச்சுடுது. ஜப்பான்ல ஒரு சொலவடை இருக்கு: பூவைவிட டாங்கோ மேல். டாங்கோன்னா அரிசி மாவுல பண்ற உருண்டை, நம்ம கொழுக்கட்டைக்குச் சித்தப்பா பையன். பூத்த மரத்தைப் பார்க்க வந்தவன் பூவை விட்டுட்டுத் தின்பண்டத்தைத் தேடறான்னு கிண்டல் பண்றது. கமியோ அந்த டாங்கோவை எழுத வேண்டிய இடத்துல "ஆம்பளைப் பசங்க"ங்கற எழுத்தைப் போட்டு, அதை டாங்கோன்னே படிக்கச் சொல்லிட்டாங்க. கொரியாவுக்குப் போகும்போது இந்தச் சிலேடை கழண்டு போயி, வெறும் "பூவைவிட ஆண்"னு ஆயிடுச்சு. கதாநாயகி பேரு மட்டும் சரியாத் தாண்டி வந்துருக்கு. ஜப்பான்ல அவ த்சுகுஷி, வயல் ஓரத்துல தானா முளைக்கற ஒரு களைச்செடி. கொரியாவுல ஜான்டி, அதாவது புல்லு. மிதிச்சாலும் எழுந்துக்கறவன்னு அர்த்தம். இதை ஆயாகிட்ட சொன்னேன். "அருகம்புல்லுன்னு சொல்லேன்"னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு சீரியல்லயும் அவ பேரு எங்க வீட்டுல அருகம்புல்லுதான்.

அருகம்புல்லு ஜப்பான்ல டாங்கோ கடையில பகுதிநேர வேலை பார்க்கறா. கொரியாவுல கஞ்சிக் கடையில. ஜப்பான்ல அப்பா சம்பளம் பத்தாத ஆபீஸ் ஆளு. கொரியாவுல துணி வெளுக்கற கடை வச்சிருக்கார். இதெல்லாம் மேலோட்டமான மாற்றம். நான் கவனிச்ச பெரிய மாற்றம் என் தொண்டையில இருந்துது. கொரியன் எபிசோட் படிச்சு முடிக்கும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கும். விடாம பேசுவாங்க. அம்மா பேசுவா, பக்கத்துல இருக்கறவ பேசுவா, மனசுக்குள்ள பேசுவாங்க, பேசி முடிச்சதும் பாட்டு வந்து அதையே திரும்பச் சொல்லும். ஜப்பான் எபிசோட்ல நான் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆயா இடிப்பாங்க. "என்னாடா, படிக்க மாட்டேங்கற?" "ஒண்ணும் சொல்லல ஆயா." "அவதான் வாயைத் திறந்தாளே?" "திறந்துட்டு மூடிட்டா."

இந்த உரையாடல் எங்களுக்குள்ள ஒரு இருபது தடவை நடந்திருக்கும்.

சரி, ஏன் இப்படி? "ஜப்பான்காரங்க கூச்ச சுபாவம், கொரியாக்காரங்க உணர்ச்சிவசப்படறவங்க"ன்னு யூடியூப்ல பத்து வீடியோ கிடைக்கும். எனக்கு அந்த மாதிரி ஒரு நாட்டையே ஒரு வரியில அடைக்கற விளக்கம் பிடிக்காது. இன்ஜினியரிங் பசங்க நாம, ஒரு பொருள் ஏன் அந்த வடிவத்துல இருக்குன்னு கேட்டா முதல்ல அது எந்த மெஷின்ல, என்ன கட்டுப்பாட்டுல செஞ்சதுன்னுதானே பார்ப்போம்?

ஜப்பான்ல வருஷத்தை நாலாப் பிரிச்சு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு புதுத் தொடர் தொடங்குவாங்க. வாரத்துக்கு ஒண்ணு, மூணு மாசம், அதனால பத்து பதினோரு எபிசோட். விளம்பரம் போக ஒண்ணு முக்கால் மணி நேரம். கொரியாவுல வழக்கமா திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன்னு வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் 16. ஒண்ணொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல. கணக்குப் போடுங்க. அங்க ஏறக்குறைய எட்டு மணி நேரம், இங்க பதினேழு மணி நேரம். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல முடிக்கறாங்க, ஆனா கொரியாக்காரன் கையில ரெண்டு மடங்கு நேரத்தை நிரப்ப வேண்டிய வேலை இருக்கு. அந்த நேரத்துலதான் ரெண்டாவது ஜோடி, வில்லி மாமியார், வேலைக்காரங்க காமெடி, அப்புறம் மூணாவது எபிசோட்ல நடந்ததைப் பன்னெண்டாவதுல வேற கோணத்துல திரும்பக் காட்டறது எல்லாம் வருது. ஒரே ராத்திரியில எட்டு எபிசோட் பார்க்கற நமக்கு அந்தத் திரும்பக் காட்டறது எரிச்சலா இருக்கும். ஆயாவுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. நடுவுல ஒரு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாலும் கதை விட்டுப் போகல.

அடுத்தது விளம்பரம். கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் மாதிரி தரைவழிச் சேனல்கள்ல ஒரு நிகழ்ச்சிக்கு நடுவுல விளம்பரம் போட 2021 ஜூலை வரைக்கும் அனுமதி கிடையாது. முன்னாடி போடலாம், பின்னாடி போடலாம். அப்ப பணம் எங்கிருந்து வரும்? கதைக்குள்ள இருந்து. 2010ல இருந்து அதுக்குச் சட்டமே இடம் கொடுத்துடுச்சு. கதாநாயகன் உயிர் போற நேரத்துல ஒரு குறிப்பிட்ட கம்பெனி காபியை லேபிள் தெரியற மாதிரிப் பிடிச்சுட்டு நிற்கறது அதனாலதான். சில வருஷம் ஒரு மணி நேர எபிசோடை ரெண்டு அரை மணியா வெட்டி, இது ஒண்ணு அது ஒண்ணுன்னு கணக்குக் காட்டி, நடுவுல விளம்பரத்தை நுழைச்சாங்க. 16 எபிசோட் தொடர் சில இடத்துல 32ன்னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. விதியை மீறாம விதியைத் தாண்டறது எப்படின்னு நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே பாடம் எடுக்கலாம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கொரியாவுல தொடர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி அன்னைக்கு ராத்திரியே போடற பழக்கம் ரொம்ப நாள் இருந்துது. 2009 பிப்ரவரி கடைசியில ஜான்டியா நடிச்ச கு ஹே-சன் கார் விபத்துல காயப்பட்டாங்க. அந்த வாரம் ஒரு நாள் எபிசோடுக்குப் பதிலா சிறப்பு நிகழ்ச்சி போட வேண்டியதாயிடுச்சு. அதாவது கையிருப்பு இல்ல! நாம ரெக்கார்ட் நோட்டை லேபுக்கு வெளியில நின்னுகிட்டு எழுதறோமே, அதே கதை. இப்படி எடுக்கறதால ஒரு நஷ்டம், ஒரு லாபம். நஷ்டம், கடைசி நாலு எபிசோட்ல பல தொடர்கள் மூச்சு வாங்கும். லாபம், ஜனங்க யாரை ரசிக்கறாங்கன்னு பார்த்து எழுத்தாளர் அந்தப் பக்கம் சாயலாம். நம்மை அழ வைக்கற இடம் அவ்வளவு சரியா அமையறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கறேன். ஒவ்வொரு வாரமும் ரேட்டிங் வந்து, இங்க அழுதாங்க, இங்க தூங்கினாங்கன்னு சொல்லிடுது. ஃபீட்பேக் லூப். நெட்ஃபிளிக்ஸ் காலத்துல முழுசா எடுத்து முடிச்சுட்டுப் போடறது வந்துடுச்சு, அதனால இப்ப வர்ற கொரியத் தொடர்கள்ல இந்தக் குணம் குறைஞ்சுகிட்டு வருது.

இந்த இடத்துல ஆயா சொன்ன ஒரு ஒப்பீட்டைச் சொல்லியே ஆகணும். எங்க ஊர் சுந்தரர் பிறந்த ஊர். பக்தஜனேசுவரர் கோயில்ல அவர் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவங்க ஆயா. பரட்டைத் தலையனோட அம்மா கல்யாணத்தைக் கெடுக்கற எபிசோட் ஓடிட்டு இருந்தது. ஆயா சாதாரணமாச் சொன்னாங்க, "நம்ம சுந்தரர் கதைதான்டா இது." எனக்குச் சிரிப்பு வந்துது. அப்புறம் யோசிச்சா, நிஜமாவே அப்படித்தான் இருக்கு. புத்தூர்ல கல்யாணம். மாப்பிள்ளை மணமேடையில. ஒரு கிழவர் ஓலையைத் தூக்கிக்கிட்டு வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்குன்னு கல்யாணத்தை நிறுத்தறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கறார். மூல ஓலை பத்திரமா இருக்குன்னு கிழவர் திருவெண்ணெய்நல்லூருக்குக் கூட்டிட்டுப் போறார், வழக்கு நடக்குது, கிழவர் ஜெயிக்கறார், வீடு எங்கன்னு கேட்டா கோயிலுக்குள்ள நடந்து போய் மறைஞ்சுடறார். முதல் எபிசோட் முடிஞ்சுது. அப்புறம் திருவாரூர்ல பரவை, திருவொற்றியூர்ல சங்கிலி, மகிழ மரத்தடியில சத்தியம், சத்தியத்தை மீறினதும் கண் போறது, கோவிச்சுக்கிட்டு இருக்கற பரவைகிட்ட கடவுளே நடுராத்திரி தூது போறது. ஒப்பந்தம், சத்தியம், ரெண்டாவது நாயகி, திடீர்னு வர்ற வியாதி, சமாதானம் பண்ற நண்பன். 16 எபிசோடுக்குத் தாராளமாக் காணும். கொரியத் தொடர் நமக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் சொந்தம் ஆகுதுன்னா, விதியும் வாக்கும் குறுக்க வர்ற கதையில நாம ஏற்கெனவே பழகினவங்க.

ஆயா இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. ஒரிஜினல் ஆடியோவுல ஓடும்போது "அப்பா"ன்னு கேட்டுது. "டேய், தமிழ் பேசறான்டா." கொரிய மொழியில அப்பா அப்பாதான், அம்மா ஒம்மா. இதை வச்சு வாட்ஸ்அப்ல பெரிய வரலாறே ஓடிட்டு இருக்கு, அதுக்குள்ள நான் போகல. ஜப்பான் பக்கமும் ஓனோ சுசுமுன்னு ஒரு மொழியறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு இருக்குன்னு பல வருஷம் எழுதினார், மொழியியல்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கல. எனக்கு உறவு முக்கியம் இல்ல. மொழிபெயர்த்துச் சொல்றவனாக எனக்கு முக்கியம் மரியாதை.

இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே "யூ". அதனால இங்கிலீஷ் சப்டைட்டில்ல ரெண்டு நாட்டுக் காதலும் பாதி காணாம போயிடுது. கொரியாவுல பழக ஆரம்பிக்கற ரெண்டு பேர் மரியாதை விகுதியோட பேசுவாங்க. ஒரு கட்டத்துல, இனிமே அதை விட்டுடலாமான்னு ஒருத்தர் கேட்பார். சப்டைட்டில்ல "சாதாரணமாப் பேசலாமா"ங்கற மாதிரி ஏதோ வரும், ஒண்ணும் ஒட்டாது. நான் ஆயாகிட்ட "இனிமே உன்னை நீன்னு கூப்பிடவான்னு கேட்கறான் ஆயா"ன்னேன். ஆயா முகத்துல ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், முழுசாப் போய்ச் சேர்ந்துடுச்சு. நமக்கு விளக்கமே வேண்டாம். காலேஜ்ல ஒரு பொண்ணு நீங்கள்ல இருந்து நீக்கு மாறின தேதி நம்மள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு!

ஒப்பா மட்டும் என்னைப் பாடாப் படுத்திடுச்சு. பொண்ணு அண்ணனையும் ஒப்பான்னுதான் கூப்பிடுவா, காதலனையும் ஒப்பான்னுதான் கூப்பிடுவா. நான் முதல் நாள் வாய் தவறி "அண்ணா"ன்னு சொல்லிட்டேன். "அண்ணனையாடா கட்டிக்கப் போறா?"ன்னு ஆயா எழுந்தே உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் மாமான்னு மாத்தினேன். எங்க பக்கத்துல மாமான்னா எல்லா வேலைக்கும் ஆகும்.

ஜப்பான்ல இந்த மாற்றம் வேற மாதிரி. அங்க குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, அது தூரம். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறது நெருக்கம். 'ஹனா யோரி டாங்கோ'வுல நாயகன் அவளை மகினோ மகினோன்னே கூப்பிடறான், அவ அவனை டோமியோஜின்னு. காதலிச்ச பிறகும் அதேதான். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது? நமக்குக் குடும்பப் பேரே கிடையாது, இனிஷியல்தான். கடைசியில நான் தோத்துப் போய், "வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரிக் கூப்பிட்டுக்கறாங்க ஆயா, ஆனா பாசமா"ன்னு சொன்னேன். பத்து எபிசோட் கழிச்சு ஒரே ஒரு தடவை சொந்தப் பேரைச் சொல்றதுக்கு ஒரு ஜப்பான் தொடர் நம்மைக் காக்க வைக்கும். அந்தக் காத்திருப்பு தெரியாம பார்த்தா, "ஒண்ணுமே நடக்கல, ஸ்லோ"ன்னுதான் தோணும். ஜப்பான் தொடர் ஸ்லோன்னு சொல்ற நண்பர்கள்கிட்ட நான் கேட்கறது இதைத்தான்: எதுக்காகக் காத்திருக்கணும்னு தெரிஞ்சுகிட்டுப் பார்த்தீங்களா?

இப்ப 'மதர்'.

நான் இந்த லீவுல பார்த்ததுலயே பெருசு இதுதான். 2010ல ஜப்பான் நிப்பான் டிவியில 11 எபிசோட், எழுதினவர் சகமோட்டோ யூஜி. 2018ல கொரியாவுல டிவிஎன் சேனல் 16 எபிசோட். பறவைகளை ஆராய்ச்சி பண்ற ஒருத்தி, கொஞ்ச நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா வேலை பார்க்கறா. குழந்தைங்கன்னாலே அவளுக்கு ஒட்டாது. வகுப்புல ஒரு சின்னப் பொண்ணு வீட்டுல சித்திரவதைக்கு ஆளாகறது தெரிய வருது. ஒரு குளிர் ராத்திரி அந்தக் குழந்தை குப்பை மூட்டையில கட்டி வெளியில போடப்பட்டிருக்கறதைப் பார்க்கறா. அதைத் தூக்கிக்கிட்டு ஓடிடறா. சட்டப்படி கடத்தல். அன்னையிலிருந்து ரெண்டு பேரும் அம்மா-பொண்ணு. ஜப்பான் குழந்தைக்கு ஒரு வலசைப் பறவையோட பேரு புதுப் பேரா வருது, த்சுகுமி. குழந்தைகிட்ட ஒரு நோட்டு இருக்கும், பிடிச்சதை மட்டும்தான் எழுதணும், பிடிக்காததை எழுதக் கூடாது.

ஆயா இதை ரெண்டு தடவையும் அசையாம கேட்டாங்க. கொரிய வடிவம் அந்த டீச்சரோட வளர்ப்புத் தாயைப் பெரிய நடிகையா ஆக்கி, அந்தப் பக்கத்தை நல்லா விரிச்சிருக்கு. ஜப்பான் வடிவத்துல பெத்த தாயா வர்ற தனாக்கா யூகோ யாருன்னு தெரியுமா? 'ஓஷின்'ல வளர்ந்த ஓஷினா நடிச்சவங்க. 1983-84ல என்எச்கே காலையில 15 நிமிஷம் 15 நிமிஷமா 297 எபிசோட் போட்டது. ஜப்பான்ல சராசரி ரேட்டிங்கே 52.6 சதவீதம். இலங்கையில ரூபவாஹினியில ஓடி, அங்க ஒரு தலைமுறையே அழுதிருக்கு. ஏழு வயசுப் பொண்ணை அரிசிக்காக வேலைக்கு அனுப்பற கதை, ஆத்துல படகு நகர நகர அப்பன் கரையில ஓடறான். ஜப்பான் தொடர்னாலே அமைதின்னு நினைக்கறவங்க அந்த ஒரு காட்சியைப் பார்க்கணும். ஜப்பானுக்கு வாய்விட்டு அழவும் தெரியும்.

'மதர்' முடிவுக்கு வரேன். ஜப்பான்ல டீச்சரையும் குழந்தையையும் பிரிச்சுடறாங்க. குழந்தை இல்லத்துக்குப் போகுது. உனக்கு இருபது வயசானதும் படின்னு டீச்சர் ஒரு கடிதம் கொடுக்கறா. கொரியாவுல பிரிவு வருது, ஆனா அதோட நிக்கல. காலம் போய், சட்டப்படி தத்தெடுத்து, ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்க. அஞ்சு எபிசோட் அதிகம் இருக்கறதோட பலன்னு நான் கிண்டலா நினைச்சேன்.

நான் முதல்ல போட்டது ஜப்பான். முடிஞ்சதும் ஆயாவுக்குக் கோவம். "பிரிச்சு வச்சுட்டு என்னாடா முடிவு? கடிதாசியை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கறதா?" ரெண்டு நாள் கழிச்சு கொரியா முடிவு கேட்டதும், "இது, இது கதை"ன்னு தலையை ஆட்டிக்கிட்டாங்க. எனக்குக் கட்டுரைக்கு நல்ல வரி கிடைச்சுடுச்சு, மக்கள் தீர்ப்பு கொரியாவுக்குன்னு மனசுக்குள்ள எழுதியும் வச்சேன்.

மறுநாள் காலையில திண்ணையில உட்கார்ந்து மணிலாக் கொட்டை உரிச்சுக்கிட்டு இருந்தோம். ஆயா திடீர்னு ஆரம்பிச்சாங்க.

"அந்தச் சப்பான்காரி பண்ணதுதான்டா நெசம்."

"ஏன் ஆயா?"

"அஞ்சாவது முடிச்சதும் உங்கப்பன் வந்து உன்னைக் கூட்டிகிட்டுப் போனான்ல. நீ பஸ்ல ஏறிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல. நானும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா நீ எறங்கி இருப்ப."

எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா வேற மாதிரி. ஜன்னல் சீட்டு கிடைச்சுது, சென்னைக்குப் போறோம், அங்க கேபிள்ல எல்லாச் சேனலும் வரும்னு சந்தோஷமா இருந்தேன். ஆயா பஸ் ஸ்டாப்புக்கு வந்தாங்களான்னே எனக்கு நினைவு இல்ல. வந்திருக்காங்க. எதுவும் சொல்லாம நின்னிருக்காங்க. பதினோரு வருஷமா அதைப் பத்தி யாரும் பேசல. அந்தப் பொண்ணுக்கு இருபது வயசுல கடிதம். எனக்கு இருபத்தொண்ணு.

நான் கொட்டையை உரிச்சுக்கிட்டே இருந்தேன். சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல. ஆயாவும் அதுக்கு மேல பேசல, தோலை முறத்துல ஒதுக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

இதுக்குப் பிறகு என்னோட 'மக்கள் தீர்ப்பு' வரியை அடிச்சுட்டேன். ரெண்டு முடிவும் ஆயாவுக்கு வேண்டியிருந்தது, வேற வேற நேரத்துல. ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி அம்மாவும் பொண்ணும் சேரணும். விடிஞ்சு வேலை பார்க்கும்போது நடந்தது நடந்தபடி தெரியணும்.

அதனால யாராவது உங்ககிட்ட எது பெஸ்ட்டுன்னு கேட்டா உடனே பதில் சொல்லிடாதீங்க. விதிவிலக்கும் நிறைய இருக்கு. டிபிஎஸ் 2013ல போட்ட 'ஹான்சாவா நாவோகி'யில பேங்க் அதிகாரிங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டற சத்தத்துல லேப்டாப் ஸ்பீக்கர் கிழியும். தரையில மண்டி போட வைக்கற கடைசி எபிசோட் டோக்கியோ பக்கத்துல 42.2 சதவீதம் ரேட்டிங் வாங்கிச்சு. 2018ல வந்த கொரியத் தொடர் 'மை மிஸ்டர்' பதினாறு எபிசோடும் ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நடந்து போறதுதான், அவ்வளவு அமைதி. சாவு விளையாட்டு வகையில 'ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்' ஜப்பான், 'ஸ்க்விட் கேம்' கொரியா, ரெண்டையும் நீங்க பார்த்திருப்பீங்க. முதல்ல சொன்னதுல புதிரை எப்படி விடுவிக்கறதுன்னு நம்ம மூளை ஓடும். ரெண்டாவதுல அவனுக்கு எவ்வளவு கடன்னு மனசு ஓடும். நான் கொரியாவோட கடன் கணக்குப் பக்கம்.

பிளேஸ்மென்ட் இன்னும் ஆகாதவங்க (என்னையும் சேர்த்து) 'மிசேங்' பாருங்க. 2014, 20 எபிசோட். பாடுக் ஆட்டத்துல தொழில்முறை ஆட்டக்காரனா ஆக முடியாம போனவன், ஒரு டிரேடிங் கம்பெனியில இன்டர்னா நுழையறான். மிசேங்னா அந்த ஆட்டத்துல இன்னும் உயிர் உறுதியாகாத காய்க்கூட்டம். கடைசியில அவனுக்கு அந்தக் கம்பெனியில பெர்மனென்ட் வேலை கிடைக்காது. கொரியத் தொடர்னா எல்லாத்தையும் சேர்த்து வச்சுடும்னு மேல சொன்னேன் இல்ல, இது அதுக்கு அடங்காதது. இதையே ஜப்பான்ல 2016ல 'ஹோப்'னு 9 எபிசோட்ல எடுத்தாங்க. முதல்ல கொரியாவைப் பாருங்க. ஆபீஸ் சோர்வைக் காட்ட நேரம் வேணும், அந்த விஷயத்துல இருபது எபிசோடே நியாயமான அளவு.

புதுசா ஜப்பான் பக்கம் வர்றவங்களுக்கு 'கொடோகு நோ குருமே'. 2012ல இருந்து டிவி டோக்கியோவுல ஓடுது. ஒரு ஆள் வேலை விஷயமா ஊர் ஊராப் போவார், பசிக்கும், கடை தேடுவார், தனியா உட்கார்ந்து சாப்பிடுவார். முடிஞ்சுது. ஆயாவுக்கு ஒரு எபிசோட் போட்டேன். "இவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லையா?"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாங்க. கொரியத் தொடர்ல ஒருத்தனைப் பார்த்தா முதல் கேள்வி "சாப்பிட்டியா"தான், நம்மளை மாதிரியே. இந்த மனுஷனை யாரும் அப்படிக் கேட்கறதில்ல, அவரே அவரைக் கேட்டுக்கறார். ஆனாலும் ஆயா மூணு எபிசோட் பார்த்தாங்க, அதுவும் அவர் சோத்தை வீணாக்காம வழிச்சுச் சாப்பிடறார்னு.

லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்னைக்கு ஆயா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாங்க. உளுந்தூர்பேட்டை பஸ் வந்துது. ஏறி, ஜன்னல் பக்கம் சீட்டுப் பிடிச்சு, தலையை வெளியில நீட்டித் திரும்பிப் பார்த்தேன். ஆயா கையை நெத்திக்கு மேல வச்சு, கண்ணைச் சுருக்கி, வேற ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஆயா, இந்தப் பக்கம்"னு கத்தினேன். பஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

வலது கண் ஆபரேஷன் அடுத்த மாசம். அது முடிஞ்சதும் பரட்டைத் தலையனைத் திரும்ப முதல்ல இருந்து போடணுமாம், அவன் முடி நிஜமாவே அப்படித்தானா, இல்ல தன் கண்ணுதான் கோளாறான்னு பார்க்கணுமாம்.